அவள் சந்திரன் மேல் புளூட்டோ

நான் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் சபையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெபம் பண்ணுகிற வீட்டுப் பெண் போய் ராசிக் கட்டம் போடுகிறாளே என்று அவர்களுக்கு. நான் ஜோசியம் பார்க்கவில்லை, பிறந்த தேதியையும் நேரத்தையும் அடித்து பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன், கரண்ட் பில் அடிப்பது மாதிரிதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதையே சபையில் சொன்னாள். அப்புறம் விட்டுவிட்டார்கள்.

எங்களுக்கு முசரவாக்கம். தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா கொத்தனார் வேலைக்குப் போனார், நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தேன், அப்பா இறந்தார். அதற்குப் பிறகு நானும் அம்மாவும்தான். காலையில் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் வந்தால் சாயந்திரம் திரும்புவேன். கடை, கோயில் மதிலை ஒட்டிய ஒரு சந்தில் மாடியில் இருந்தது. கீழே பட்டுச் சேலைக் கடை. ஜோசியர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். யாருக்கும் கெட்டது சொல்ல மாட்டார், அதனால் கூட்டம் வரும். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன்.

கொரோனா இரண்டாவது அலை அடங்கிய வருடம், கார்த்திகை முடிகிற சமயத்தில் அந்த அம்மா வந்தார். அறுபது வயதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். நெற்றியில் விபூதி, சாதாரண நூல் சேலை, விரல் நுனிகளில் பட்டு இழை அறுத்து அறுத்து வந்த மெல்லிய கோடுகள். தறியில் உட்காருகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. கையில் ஒரு போன் வைத்திருந்தார். இளம்பெண்கள் வைத்துக்கொள்கிற மாதிரி பூப்போட்ட கவர்.

"இதுல இன்னா வந்துக்குதுன்னு படிச்சி சொல்லுமா. எனக்கு இங்கிலீஷ் வராது" என்று என்னிடம் நீட்டினார்.

வெளிநாட்டு முறையில் ராசி பலன் சொல்கிற ஏதோ ஒரு ஆப். காலை ஏழு மணிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. உன் சந்திரனை நோக்கி புளூட்டோ மறுபடியும் வந்துகொண்டிருக்கிறது, நீ ஒளித்து வைத்தது இனி ஒளிந்திருக்காது என்கிற பொருளில் இரண்டு வரி. தமிழில் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"உங்க போனாம்மா?"

"எம் பொண்ணோடது."

"அவங்களையே படிக்கச் சொல்லலாமே."

"அவ வைகாசியில போயிட்டாம்மா. கொரோனாவுல. மெசேஜ் மட்டும் தெனமும் வந்துக்கினே இருக்குது. நிறுத்த மனசு வரல. மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேன்."

சார் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, மகளுடைய ஜாதகத்தை புளூட்டோ சேர்த்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். மகள் உயிரோடு இருந்தபோது இந்த ஆப்பைப் பார்த்துப் பார்த்துச் சொல்வாளாம். அம்மா, புளூட்டோன்னு ஒண்ணு என் நிலா மேல வரப் போவுது, ஒரு தடவ இல்ல, அஞ்சு தடவ என்று.

"நமக்கு ஒன்பது கிரகம்தான்மா. புளூட்டோவெல்லாம் வெள்ளக்காரன் சேத்தது. அப்பறம் அவனே அது கிரகம் இல்லன்னும் சொல்லிட்டான்" என்றார் சார். "பொண்ணு இன்னா ராசி?"

"மகரம். உத்திராடம்."

"ஜென்மச் சனி. அது போதாதா? விடும்மா. போனவங்க ஜாதகத்த எடுத்து வெச்சிப் பாக்கக் கூடாது."

"அவ போனது கிரகத்துக்குத் தெரியாதே சார். அது பாட்டுக்கு வந்துக்கினுதானே இருக்குது."

சார் என்னைப் பார்த்து, "நீ ஏதாவது போட்டுக் குடுத்து அனுப்புமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறந்த தேதியைக் கேட்டேன். சொன்னார். நாள், மாதம், வருடம் மூன்றும் என்னுடையது. என் கை விசைப் பலகையில் ஒரு நொடி நின்றது. ஒரே நாளில் எத்தனையோ பேர் பிறக்கிறார்கள், இதில் என்ன என்று அடித்தேன். இடம்?

"இங்கதான். கவுர்மெண்ட் ஆஸ்பத்திரி. காலைல அஞ்சு பதினேழு."

எங்கள் மென்பொருளில் யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றுக்கும் தனியாக ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டு டிக் போட்டால்தான் அவை வரும். இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை. தொட்டேன். ஜாதகத்தில் மகரத்தில் சந்திரன் இரண்டு பாகை சொச்சத்தில் இருந்தது. அன்று கிரகங்கள் நிற்கிற இடத்தை, அதாவது கோசாரத்தை, பக்கத்தில் எடுத்தபோது புளூட்டோவும் மகரத்தில், ஒரு பாகை சொச்சத்தில். கிட்டத்தட்ட மேலே ஏறி உட்காருகிற மாதிரி.

அவரை உட்கார வைத்துவிட்டு ஒவ்வொரு மாதமாக முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரிதான். புளூட்டோ மெதுவாக நகரும், நின்று, பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும். பங்குனியில் அவள் சந்திரனை முதல் முறை தொட்டிருந்தது. தாண்டிப் போய்த் திரும்பி வைகாசிக் கடைசியில் இரண்டாவது முறை. இரண்டுக்கும் நடுவில் அவள் செத்துப் போயிருந்தாள். இனி தையில் ஒன்று, அடுத்த ஆவணியில் ஒன்று, அதற்கடுத்த கார்த்திகையில் ஒன்று. அதோடு தாண்டிப் போய்விடும்.

"திரும்ப எப்ப வரும்?" என்று கேட்டார்.

"ஒரு சுத்து சுத்தி வர்றதுக்கு இருநூத்தி நாப்பத்தெட்டு வருசமாம்மா."

"குளத்துக்குள்ள படுத்துக்கினு இருக்கிற சாமியே நாப்பது வருசத்துக்கு ஒரு தடவ வெளிய வருது. இது அதுக்கும் மேலயா?" என்றார். பிறகு, "அப்ப இன்னும் மூணு இருக்குது" என்றார்.

புளூட்டோ என்ன செய்யும் என்று இணையத்தில் தேடினேன். பாதாளத்துக்கு உரியது என்று போட்டிருந்தது. புதைந்ததை மேலே கொண்டுவரும், முடிய வேண்டியதை முடிக்கும், பழையது அதே உருவில் திரும்பி வராது. இதையெல்லாம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தையில தொடும்போது, ரொம்ப நாளா எங்கயோ கெடந்த ஒரு காகிதம் கைக்கு வரும்மா."

மூன்று தேதிகளையும் குறித்துக் கொடுத்த அந்த பிரிண்ட்டை அவர் நான்காக மடித்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். மகளுடைய மேசை இழுப்பறையில் ஏதாவது கடிதம் இருக்கும், தேடிப் பார்த்து ஆறுதலாக எடுத்து வைத்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் நான் அப்படிச் சொன்னேன். எந்த வீட்டில்தான் பழைய காகிதம் இல்லை?

தை மாதம் அம்மாவுக்கு உதவித்தொகைக்காக ஏதோ சான்றிதழ் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த தகரப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்து இருவரும் தேடினோம். அப்பாவுடைய வேலை அட்டை, என் மார்க் ஷீட், ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் வந்தன. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில், மடித்த இடங்களில் கிழிந்து போன ஆஸ்பத்திரிச் சீட்டு. நான் பிறந்தபோது கொடுத்தது. பெண் குழந்தை, எடை, தேதி, நேரம். காலை ஐந்து இருபத்தைந்து.

அதுவரை நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதைக் கேட்கிற வழக்கமும் இல்லை.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்கே?" என்றாள் அம்மா.

"நான் பொறந்தப்ப பக்கத்துல வேற யாருக்காவது கொழந்த பொறந்துச்சாம்மா?"

அம்மா உடனே சொன்னாள். "பொறந்துச்சே. பக்கத்து கட்டில் நெசவுக்காரம்மா. அவுங்களுக்கும் பொண்ணு. நீ அப்பறமா பொறந்தே. எனக்கு ஜன்னி வந்து கண்ணே தெறக்கல. மூணு நாள் உனக்கு அந்தம்மாதான் பால் குடுத்துது. அதோட மாமியாரு வந்து கத்துச்சாம், எந்தக் கொழந்தைய யாரு மடியில வெச்சிக்கினு இருக்கேன்னு. அது காதுலயே வாங்கலயாம். நர்ஸம்மா சொன்னாங்க."

"இத ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியே."

அன்று பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்தேன். காகிதம் கைக்கு வரும் என்று நான் அந்த அம்மாவுக்காகக் கட்டிச் சொன்னேன். வந்தது எனக்கு. தேதியைப் பார்த்தேன். தையில் நான் குறித்துக் கொடுத்திருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு.

கடையில் சார் வருவதற்கு முன் என் ஜாதகத்தைப் போட்டேன். அந்தப் பெண்ணுடைய ஜாதகத்தைப் பக்கத்தில் வைத்தேன். பன்னிரண்டு கட்டங்களிலும் எழுத்துகள் அதே இடத்தில் இருந்தன. லக்னம் மட்டும் ஒன்றிரண்டு பாகை நகர்ந்திருந்தது. செத்துப் போனவளுடைய கட்டம் எது, என்னுடையது எது என்று மேலே பெயரைப் பார்த்தால்தான் தெரியும். பெயர்களை அழித்துவிட்டுப் பார்த்தேன். உடனே ஏன் அழித்தேன் என்று பயம் வந்து கம்ப்யூட்டரையே நிறுத்திவிட்டேன்.

மாசியில் அந்த அம்மா மறுபடி வந்தார்.

"ஒரு காயிதமும் கெடைக்கலமா" என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். உங்கள் பாலைக் குடித்தவள் நான்தான் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அதைச் சொன்னால் இந்த ஜாதகம் என்னுடையதும்தான் என்று சொல்ல வேண்டிவரும். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"அடுத்தது ஆவணிதானே? அப்ப இன்னா நடக்கும்?"

இந்த முறை நானாக எதையும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். "போன்ல இன்னா வருதோ அதையே பாக்கலாம்மா" என்று சமாளித்தேன். அவர் சரி என்றார். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு முறை, கோயிலுக்கு வந்துவிட்டுப் போகிற வழியில் மாடி ஏறுவார். நான் போனை வாங்கி அந்த மாதம் வந்த செய்திகளைத் தமிழில் படித்துச் சொல்வேன். ஒரு வளர்ந்த பெண்ணுக்கு எழுதப்பட்ட வரிகள். உன் மேலதிகாரியிடம் உறுதியாகப் பேசு. இன்று யாரையோ மன்னிப்பாய். சரியாகத் தூங்கு. அந்த அம்மா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, சிலதற்கு "ஆமா, அவ அப்பிடித்தான்" என்பார். சரியாகத் தூங்கு என்று வந்தபோது மட்டும் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஆவணி பிறந்த வாரம் அவர் வந்தார். போனில் அன்று காலை வந்திருந்த செய்தியைப் படித்தேன். புளூட்டோ உன் சந்திரனின் மேல் நிற்கிறது, நீ விழுங்கிய சொல் உன் தொண்டையில் இருக்கிறது. சத்தமாகப் படித்து முடித்ததும் எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் சரியாகத்தான் இருக்கிறது, பேசாமல் ஓய்வு கொடுங்கள் என்றார். நான்தான் பேசவே முடியாமல் இருக்கிறேனே. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள். கடைக்குப் போனேன், வருகிறவர்களிடம் சீட்டில் எழுதிக் காட்டினேன். சார் பார்த்துவிட்டு, "சனி வாக்குல கை வெக்கிறான்" என்றார். எனக்குச் சனி மேல் பயமே இல்லை.

ஐந்தாவது நாள் அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்தார். மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார், இந்த முறை வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கரகரப்பான விரல்களை என் கழுத்தில் வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது.

"பதினோரு நாள்" என்றார். "அதுக்கப்பறம் வந்துரும்."

ஒரு சீட்டில் எழுதினேன்: எப்படித் தெரியும்?

தமிழ் நன்றாகப் படிப்பார். படித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவளுக்கு வாயில கொழா வெச்சிட்டாங்க. பதினோரு நாள் பேசல. கண்ணாடிக்கு இந்தப் பக்கமா நின்னுக்கினு பாப்பேன். தண்ணி வேணும்னு கைய இப்பிடிக் காட்டுவா. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதுவும் சரிதான், அவுங்க மேல தப்பு இல்ல." போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "அவளுக்கு கொரல் வரல. உனக்கு வரும்."

உனக்கு என்று அவர் சொன்ன விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த சீட்டில் எழுதினேன்: என்னை யாரென்று தெரியுமா?

"மொத நாளே தெரியும். தேதிய அடிக்கும்போது உன் கை நின்னுச்சு. நிமிந்து மொகத்தப் பாத்தேன். அப்பிடியே உங்கம்மா. ஜன்னியில கெடந்த அந்த மொகத்த மூணு நாள் பக்கத்துலயே இருந்து பாத்தவ நான். நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். சத்தமே இல்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். தடவிக்கொண்டே, "இன்னும் ஒண்ணு இருக்குது" என்றார். எனக்கு அந்தக் கை அப்படியே இருக்கட்டும் என்றும் இருந்தது, எடுத்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

பதினோராம் நாள் குளியலறையில் சோப்பு கை நழுவி விழுந்தபோது "ஐயோ" என்றேன். கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள். எனக்கு மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் கீழே இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. போனில் பேசுகிறவர்கள் முதலில் நான் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

கார்த்திகை வந்தது. கடைசி முறை தொடுகிற நாள் எதுவென்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் அம்மா இருக்கிறாள், ஏதாவது நடந்தால் அவள் கண்ணெதிரே நடக்கும். அதனால் கிளம்பினேன். பஸ்ஸில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இறங்கிச் சாலையைக் கடக்க ஐந்து நிமிடம் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது.

மாடிக்கு வந்தால் கதவுக்கு வெளியே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். குடையை மடித்துச் சுவரில் சாத்தியிருந்தார். ஒரு கையில் டிபன் கேரியர், ஒரு கையில் மகளின் போன்.

"சார் இல்லியா?"

"மாகறல் கோயிலுக்குப் போயிருக்கார்மா. சாயந்திரம்தான் வருவார்."

"நல்லதாப் போச்சி. நான் இன்னைக்கு இங்கயே இருக்கறேன்."

"தறி?"

"ஒரு நாள் சும்மா கெடக்கட்டும்."

வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மழைக்கு யாரும் வரவில்லை. நான் படியிறங்கி ஜெராக்ஸ் எடுக்கப் போக எழுந்தேன், வேண்டாம் என்றார். ஜன்னல் பக்கம் போனேன், கம்பியைத் தொடாதே என்றார். சின்ன வயதில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. மதியம் கேரியரைத் திறந்தார். சாம்பார் சாதமும் வாழைக்காய் வறுவலும். என் தட்டில் அவரே பிசைந்து வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்ளோதான் சாப்பிடுவியா? அவளும் இவ்ளோதான்."

சாப்பிட்டதும் அவருக்குக் கண் சொக்கியது. விடிவதற்கு முன்பே எழுந்து வந்திருப்பார். சுவரில் தலையைச் சாய்த்தபடி தூங்கிப் போனார். மழை தகரக் கூரையில் விழுகிற சத்தம் மட்டும். பகல் இரண்டு மணிதான், ஆனாலும் அறை இருட்டிக் கிடந்தது. மின்சாரம் போயிருந்தது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் நான் அந்த நேரத்துக் கோசாரத்தைத் திறந்து வைத்திருந்தேன். பாகை, கலை, விகலை. இரண்டும் ஒன்றாக இருந்தன. சந்திரன் இருக்கிற எண், புளூட்டோ இருக்கிற எண். ஒரு புள்ளி வித்தியாசமில்லை.

அப்போது அவர் தூக்கத்திலேயே பேசினார்.

"பாப்பா."

நான் திரும்பிப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது.

"பாப்பா, தண்ணி குடிக்கறியா?"

அறையில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் பதில் கேட்டது.

"குடிச்சிட்டேம்மா."

என் தொண்டையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தொண்டை அதிர்ந்தது நினைவிருக்கிறது. ஆனால் நான் என் அம்மாவிடம் அப்படி இழுத்துப் பேசுகிறவள் இல்லை. கடைசி எழுத்தில் ஒரு செல்லம் இருந்தது. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டுப் போனது. வாய் லேசாகத் திறந்து, சின்னக் குறட்டை வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படித் தூங்கினார்.

மின்சாரம் வந்தபோது விழித்துக்கொண்டார். சேலையைச் சரி செய்தபடி என்னைப் பார்த்தார்.

"இன்னா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"இல்ல. குடிச்சிட்டேன்னு கேட்டுது." கொஞ்சம் யோசித்தார். "நல்லாத் தெளிவா கேட்டுது."

நான் மறுக்கவும் இல்லை, ஆமென்றும் சொல்லவில்லை. கேரியரைக் கழுவி வைத்தார். சார் வருவதற்கு முன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படியில் இறங்கும்போது, "நீ பத்தரமா போ. இனிமே ஒண்ணும் இல்ல" என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது நான் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன், எங்கள் ஊரில் கண்டக்டர்தான் எழுப்பினார்.

அடுத்த மாதம் அவர் அந்த போனுக்கு ரீசார்ஜ் பண்ணவில்லை. செய்திகள் நின்றுவிட்டன. எப்படி நிறுத்த முடிந்தது என்று கேட்டேன். "எனக்கு வேண்டியது வந்துருச்சுமா" என்றார்.

அந்தத் தையில் அம்மாவை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தறி போட்டிருந்த அறையில் இருவரும் பாயில் உட்கார்ந்து, எந்தக் கட்டில் எந்தப் பக்கம் இருந்தது, நர்ஸம்மாவுக்கு எந்தக் கண்ணில் பூ விழுந்திருந்தது என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரில் அவள் படம் மாலையோடு இருந்தது. நான் பயந்தபடி அவளுக்கு என் சாடை ஒன்றும் இல்லை. வட்ட முகம், நல்ல சிரிப்பு. அந்தப் படத்துக்குக் கீழே எனக்கு இலை போட்டார்கள். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

நான் இப்போது அந்தக் கடையில் இல்லை. ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறேன். இங்கேயும் பிறந்த தேதியைத்தான் அடிக்கிறேன், ஆனால் நேரத்தை யாரும் சொல்வதில்லை. புளூட்டோ இப்போது மகரத்தில் இன்னும் சில பாகை தள்ளி, வேறு யாருடைய சந்திரன் மேலோ போய்க்கொண்டிருக்கும். நான் பார்ப்பதில்லை. ஜோசியத்தில் நம்பிக்கை வந்துவிட்டதா என்று சபையில் ஒரு அக்கா விளையாட்டாகக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஆனால் ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் பொய்யாக இருந்திருக்காது.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்குப் போகிறேன். போன முறை போனபோது எதிர்வீட்டு அம்மாள் வாசலில் குனிந்து உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் தலை நிமிராமலே, "இன்னாமா, வந்துட்டியா? உங்கம்மா காலைல புடிச்சி எதிர்பாத்துக்கினு இருக்குது" என்றார்.

யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். திருத்த வேண்டும் என்று நின்றேன்.

"வந்துட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.